விழாத அடி

கிருதசேன மன்னன் முடிசூடிய அன்று அவன் முதுகில் விழ வேண்டிய அடி விழாமல் தப்பிப்போய், முப்பது வருஷத்துக்கு மேல் பலாசிகை நகரத்தில் தன்பாட்டுக்குத் திரிந்துகொண்டிருந்தது. அதே வருஷம் சோணை ஆற்றில் தாமதமாக வெள்ளம் வந்தது, எள் அமோகமாக விளைந்தது, வாற்கோதுமை விலை ஏறியது. ஊரில் முதலில் எல்லோரும் வாற்கோதுமையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

சோணைக் கரை அரசர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புலித்தோல் விரித்து, அதன்மேல் அத்திமரப் பீடம் போட்டு, புதிய அரசனை உட்காரவைத்துப் பல துறைகளின் நீராலும் குளிப்பாட்டிய பிறகு, புரோகிதர்கள் பின்பக்கமாக வந்து புரசங்குச்சியால் அவன் முதுகில் தட்டுவார்கள். வலிக்காது. தூசி தட்டுகிற மாதிரிதான். ஆனால் அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மந்திரம் கிடையாது, மங்கல வாத்தியம் கிடையாது, இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். அந்த அடியை வாங்கியவனை அப்புறம் எந்தத் தண்டனையும் தொடாது. ஆயுசுக்கும் பட வேண்டியதை அன்றைக்கே பட்டுத் தீர்த்தவன் என்று அர்த்தம். ஊரை அடிக்கப்போகிறவனுக்கு அடி என்றால் என்னவென்று ஒருதடவையாவது தெரியட்டும் என்று முன்னோர்கள் நினைத்தார்களோ என்னவோ, அந்தப் புண்ணியவான்களைத்தான் கேட்க வேண்டும்.

கிருதசேனனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் அப்பா, பாவம், வடக்கே நடந்த சண்டையில் திரும்பி ஓடும்போது முதுகில் அம்பு தைத்துச் செத்தவர். பிணம் வீட்டுக்கு வந்தபோது ராஜமாதா பத்திரை அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகனை இழுத்துவந்து, "என் வயித்துல பொறந்தவன் முதுகை ஒரு ஈ காக்கா பாக்கக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். அவனும் நெருப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அதனால் முடிசூட்டு நாளில் புரோகிதர் மௌத்கலர் குச்சியோடு பின்னால் வந்ததும், பையன் பீடத்திலேயே சுழன்று முகத்தைக் காட்டினான். அவர் மறுபக்கம் போனார். அவனும் திரும்பினான். 'அப்பா, இது சடங்கு, கொஞ்சம் அசையாமல் உட்கார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பேசக் கூடாதே! கண்ணால் கெஞ்சினார், புருவத்தால் மிரட்டினார், இன்னும் இரண்டு பேரை அனுப்பிச் சுற்றி வளைத்தார். அவன் எல்லோருக்கும் மார்பையே காட்டினான்.

பட்டத்தரசி சுதேவை பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கே உப்பளங்கள் உள்ள சின்ன நாட்டிலிருந்து அந்த மாசம்தான் கல்யாணமாகி வந்தவள். வாய்த்துடுக்கு அதிகம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கியவள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முக்காட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவர்களின் மூச்சிரைப்பு கேட்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. முகூர்த்தம் தவறப்போகிறது என்று மௌத்கலர் வேறு வழியில்லாமல் குச்சியை ஓங்கி இறக்கினார். கிருதசேனன் கெண்டைமீன் மாதிரி துள்ளித் திரும்பினான். குச்சி காற்றைக் கடந்து போயிற்று. பட்டது போன்ற ஒரு சின்னச் சத்தத்துக்காக மண்டபமே காத்திருந்தது. அது வரவில்லை. குச்சியை நெருப்பில் போட்டார்கள், சங்கு ஊதினார்கள், ராஜமாதா பெருமையில் அழுதாள். கை கழுவப் போகும்போது மௌத்கலர் தனக்குள் முனகியது சுதேவை காதில் விழுந்தது.

"ஓங்கின கை இறங்கிடுச்சு. அடி இறங்கலையே."

முதல் அநியாயம் அந்த மழைக்காலத்திலேயே நடந்தது. சோணையில் பரம்பரையாக ஓடம் விட்டுக்கொண்டிருந்த ஒருவனின் துறையைப் பிடுங்கி ராஜமாதாவின் தம்பிக்குக் கொடுத்தான் அரசன். கேட்க வந்தவனைக் கட்டிவைத்து அடித்து நாடு கடத்தச் சொன்னான். தான் தண்டனையெல்லாம் தாண்டியவன் என்ற நினைப்பு அவனுக்கு இருந்தது. அதற்கான விலையைத் தரவில்லை என்பது மட்டும் நினைப்பில் இல்லை. தீர்ப்பைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அவன் பின்னால் இருந்த தண்ணீர்ப் பானை பளீரென்று உடைந்தது. பூனை தட்டிவிட்டது என்றார்கள். அடுத்து ஒரு கைம்பெண்ணின் மாந்தோப்பு போயிற்று, பின்னால் இருந்த கதவு நிலை பிளந்தது. அரண்மனையில் கறையான் என்றார்கள். அதற்கடுத்து விசிறி பிடிப்பவளின் மணிக்கட்டு முறிந்து, அதன்மேல் குச்சியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தபோதுதான் பூனையும் கறையானும் நிம்மதியாக மூச்சு விட்டன.

மௌத்கலர் சபையில் எழுந்து விளக்கினார். அந்த அடி எங்கும் போகவில்லை, அரசனின் முதுகைத் தேடிக்கொண்டிருக்கிறது. முகத்தில் விழ அதற்கு உரிமை கிடையாது, முதுகில் மட்டும்தான். அன்றைக்கு இலை எடைதான் இருந்தது, ஆனால் அரசன் செய்கிற ஒவ்வொரு அநியாயமும் இப்போது அதன்மேல் ஏறி உட்காருகிறது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு தரம் குனிஞ்சு வாங்கிட்டீங்கன்னா சுளுக்கு பிடிச்ச மாதிரி ரெண்டு நாள் வலிக்கும். அவ்வளவுதான்" என்றார். கிருதசேனன் கன்னாரை வரவழைத்தான். கழுத்திலிருந்து இடுப்புவரை மறைக்கிற வெண்கலத் தகடு ஒன்று வார்க்கச் சொன்னான்.

அதன்பிறகு அந்தத் தகடு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. நடந்தால் இரண்டு ஆட்கள் அதை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார்கள். உட்கார்ந்தால் சாய்ந்துகொண்டான், தூங்கினால் அதன்மேல் மல்லாந்தான், குளித்தால் சுவரோடு ஒட்டி நின்று குளித்தான். சண்டையில் அது அவனுக்குப் பெரும் லாபமாகப் போயிற்று. திரும்பவே தெரியாத அரசனை எந்தப் படை என்ன செய்யும்? ஐந்து நாடுகளைப் பிடித்தான். தெற்கே மலைவாசிகள் தேனும் யானையும் கொண்டுவந்து கொட்டினார்கள். பாணர்கள் அவனுடைய மார்பை மட்டும் பாடினார்கள். எதிரிக்குச் சோறு போட்டார்கள் என்று கர்ணிகை என்ற நெசவாளர் ஊரை ஆட்களோடு கொளுத்தியபோது யானைக் கொட்டாரத்தில் பாதி தரையோடு படிந்தது. அணை கட்ட ஆள் பிடித்துப்போய் அவர்கள் திரும்பாதபோது வடக்குக் கோட்டைச் சுவர் விழுந்தது. தகட்டில் பட்டுத் திரும்புகிற அடி பக்கத்தில் எதன்மேலாவது விழும். ஆள்மேல் விழுந்தால் அன்றைக்கே கதை முடிந்தது.

மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? பலாசிகை பழகிக்கொண்டது. மாட்டுக்குக் காது நிமிர்ந்தால் அடி வருகிறது என்று அர்த்தம். தண்ணீர்த் துறையில் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து வம்பைத் தொடர்வார்கள். "அடி தெக்கால போயிருக்கு, நெல்லைக் காயப் போடலாம்டீ" என்று கூரைக்குக் கூரை கூவினார்கள். சண்டை வந்தால், "அரசனுக்கு விழ வேண்டியது உன் நடு முதுகுல விழ" என்று சபித்தார்கள். கோசலத்திலிருந்து வந்த ஒரு குதிரை வியாபாரி, இதென்ன ஊர், மேலே ஏதோ விர்ரென்று போகிறதே என்று கேட்டபோது, பானை விற்றுக்கொண்டிருந்தவன் தலைகூட நிமிராமல், "எங்க அரசரோடதுங்க. வாங்கிக்க மாட்டேங்கிறார். நீங்க பானை வாங்கிக்கிறீங்களா?" என்றானாம். ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் பகலுக்குத்தான். மழை இல்லாமல் இடி கேட்கிற நேரத்தில் ஊரில் ஒருவரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

சுதேவைக்கு அவனைப் பிடித்தும் இருந்தது, அதுதான் தொல்லை. ஊரைக் கொளுத்துகிற அந்தக் கை அவளுக்குத் தாமரை விதை உரித்துக் கொடுக்கும். அவள் சாப்பிடாத நாளில் அவனும் சாப்பிடமாட்டான். ஒரே மகன் கேதுமான் பிறந்தபோது பிரசவ அறை வாசலில் தகட்டைச் சுவரில் சாய்த்து அதில் சாய்ந்துகொண்டு விடியவிடிய நின்றவன் அவன். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய கை அவன் தோளைத் தாண்டிப் பின்னால் போனதில்லை. போனால் பிடித்து முன்னால் கொண்டுவந்து வைப்பான். எத்தனை வருஷம் ஒன்றாகப் படுத்தும் அவன் முதுகு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பிறந்த ஊரிலிருந்து அவளோடு வந்த தோழி சாரிகை ஒருநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டாள்: "ஏம்மா, முதுகுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அந்த இடத்துல வெண்கலந்தானா?" சுதேவை அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிருதசேனனுக்கு ஐம்பது தாண்டியதும் கால்கள் வீங்கின. பிறகு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டியதால் தகட்டில் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருந்தான். வைத்தியர்கள் இஞ்சியும் திப்பிலியும் அரைத்தார்கள், பிறகு அரைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதே வாரம் ஆற்றின் அக்கரையில் இருந்த குன்று ஒன்று ஒரு மதியவேளையில் உட்கார்ந்துவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளோடு தரைமட்டம். அன்று மாலை மௌத்கலர் தடியை ஊன்றிக்கொண்டு அந்தப்புரத்துக்கு வந்தார். கண்பார்வை போய்விட்டிருந்தது. யாரும் உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார்.

"தாயே, உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம நான் சாகக் கூடாது. அந்த அடி ஆளுக்கு உண்டானது இல்ல, பீடத்துக்கு உண்டானது. மூச்சு இருக்கிறவரைக்கும் அது உங்க புருஷனோடது. மூச்சு நின்னா, அடுத்து பீடத்துல உக்காந்து யாரு முதுகைக் குடுக்கிறாங்களோ அவங்களோடது."

சுதேவைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள்.

"குன்றை உக்காரவச்ச அடியா? என் பிள்ளை மேலயா?"

"குன்றுக்கு அப்புறமும் கொஞ்சம் ஏறியிருக்கும்மா" என்றார் கிழவர். "நேத்திக்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கார்."

அவள் நேராக மகனிடம் போனாள். கேதுமான் அப்பாவைப் போல அகலமான மார்பும் அம்மாவைப் போலப் பிடிவாதமும் உள்ளவன். கர்ணிகை கொளுத்தப்பட்ட பிறகு அங்கே போய்ச் சாம்பலில் எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைத்துவிட்டு வந்தவன். அதற்காக அப்பா அவனோடு ஒரு வருஷம் பேசவில்லை. எனக்கு இந்தப் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடு, உன் தாய்மாமன் ஊருக்கு ஓடிவிடு என்றாள் அவள். அவன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டான்.

"நான் ஓடினா சித்தப்பா மகன் உக்காருவான். அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானேம்மா?"

"அப்ப உங்கப்பா மாதிரி திரும்பிடுடா. யாரு என்ன சொல்லப்போறா?"

"திரும்பலாம். இன்னொரு முப்பது வருஷம் அது சுத்தும். இன்னிக்குக் குன்று. அப்புறம் ஊரு. அப்புறம் என் பிள்ளை. வேண்டாம்மா. எங்கயாவது ஒரு முதுகுல அது விழுந்துதான் ஆகணும். நான் உக்காந்துக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டுக் குதிரையின் பிடரியைத் தடவினான். அவன் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். பெற்ற வயிறு எரிந்தது. அவன் பேச்சைக் கேட்டுப் பெருமையும் வந்தது, அந்தப் பெருமைமேலேயே ஆத்திரமும் வந்தது.

பிறகு அவள் கிருதசேனனிடம் கேட்டாள். ஒருநாள் கெஞ்சினாள், ஒருநாள் சண்டை போட்டாள், ஒருநாள் காலைப் பிடித்து அழுதாள். சாகப்போகிற உடம்புதானே, ஒரு தடவை முன்னால் சாய்ந்தால் போதுமே, பிள்ளை பிழைத்துப்போவானே என்றாள். அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டான். கடைசித் தடவை மட்டும் பதில் சொன்னான்.

"எங்கப்பன் முதுகுல இருந்த அம்பைப் பிடுங்கினது யாருன்னு நினைக்கிற? நான்தான். யாரும் கிட்ட வரல. எங்கம்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. இன்னிக்கும் அந்தத் துவாரம் என் கண்ணுலயே நிக்குது. என்னையும் அப்படிக் குப்புறப் போட்டு ஊர் பாக்கணுமா, சுதேவை? பையனைத் திரும்பச் சொல்லு. நான் திரும்பலையா? நல்லாத்தானே இருந்தேன்?"

அவள் வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள். உச்சிப்பொழுது. தகடு ஏந்துகிற ஆட்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்று சுதேவை அவர்களைச் சாப்பிட அனுப்பினாள். உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் அனுப்பினாள். அந்த நேரத்தில் அவள் மனசில் வேறு ஒன்றும் இல்லை என்றுதான் பலாசிகையில் சொல்வார்கள், நானும் அதை நம்புகிறேன். கிருதசேனன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். திடீரென்று குழந்தை மாதிரி முனகினான்.

"முதுகு அரிக்குது சுதேவை."

அவள் காதை அவளாலேயே நம்ப முடியவில்லை. "என்ன?"

"எத்தனையோ வருஷமா அரிக்குது. தாங்கல. நீ மட்டும்தானே இருக்க? கொஞ்சம் சொறிஞ்சு விடு."

தகடு பெரும் கனமாக இருந்தது. அவள் மெல்ல நகர்த்திச் சுவரில் சாய்த்தாள். அவன் முன்னால் குனிந்தான். உள்துணியை விலக்கியதும் சுதேவை மலைத்துப்போனாள். தழும்பு இருக்கும், வெண்கலம் அழுத்திக் கறுத்திருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றுமில்லை. மார்பும் முகமும் கிழடுதட்டிப்போயிருக்க, முதுகு மட்டும் பத்தொன்பது வயதுப் பையனின் முதுகாகவே இருந்தது. வழவழப்பாக, நடுவில் ஒரு மெல்லிய பள்ளத்தோடு, ஒரு கீறல்கூட இல்லாமல். முடிசூட்டு நாளில் பூசிய சந்தனத்தின் வாசனைகூட இன்னும் லேசாக அடித்தது. அவளுக்கு அழுகை வந்தது. நகத்தால் சொறிந்தாள்.

"இன்னும் மேல. ஆங், அங்கதான். அடி அம்மா!" அவன் வாழ்க்கையில் ஐந்து நாடுகளைப் பிடித்தபோது விடாத பெருமூச்சை அப்போது விட்டான்.

அக்கரையில் மாடுகள் ஓடத் தொடங்கின. முதலில் தூசி தெரிந்தது. பிறகு ஆற்றில் நீர் இரண்டாக விலகி வழிவிட்டது. துறையில் பெண்கள் குனிந்தார்கள். இந்தத் தடவை ஒருத்திகூட உடனே நிமிரவில்லை. சுதேவை தகட்டைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரம்தான். எடுத்து வைத்துவிட நேரம் நிறையவே இருந்தது.

அவனும் கேட்டுவிட்டான். "தகட்டை வை."

அவள் அசையவில்லை.

"சுதேவை, தகட்டை வை. வருது."

அவள் முன்பக்கம் வந்தாள். அவனுக்கு எதிரே மண்டியிட்டு, அவன் திரும்பமுடியாதபடி இரண்டு கையாலும் தோளோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். வீங்கிய உடம்பு, அதில் திமிறப் பலமில்லை. ஆனாலும் திமிறியது. பிறகு நின்றது.

"தள்ளிப் போ, பைத்தியம். உன் மேலயும் விழும்."

"விழட்டும்."

அவன் மூச்சு கரகரவென்று இழுத்தது. "பையனுக்காகவா?" என்றான்.

"ஆமா."

"யாராவது பாக்குறாங்களா?"

"யாருமில்ல. என் கண்ணையும் மூடிக்கிட்டேன்."

"அப்ப சரி" என்றான் கிருதசேனன். மோவாயை அவள் தோளில் வைத்துக்கொண்டான்.

அவன் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் பிடியை விட்டிருக்கமாட்டாள். அது அவளுக்குத் தெரியும்.

அடி விழுந்தது. சத்தமே இல்லை. அன்றைக்கு ஊரில் நாய் குரைக்கவில்லை, தறி ஓடவில்லை, இருமல் வந்தவர்கள் ஏன் என்று தெரியாமலே விழுங்கிக்கொண்டார்கள். அரண்மனைத் தரை அவர்களோடு சேர்ந்து ஒரு முழம் கீழே இறங்கியது. தூண்கள் மேற்கே சாய்ந்தன. ஆட்கள் ஓடிவந்து பார்த்தபோது சுதேவை உடம்பில் ஒரு கீறல் இல்லை. அரசனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவன் முதுகில் புரசங்குச்சி அகலத்துக்கு ஒரே ஒரு சிவந்த கோடு. அதைச் சுற்றி மீதி முதுகு ஒரு நாழிகைக்குள் கிழடாகிச் சுருங்கி, முகத்துக்கும் மார்புக்கும் பொருத்தமாகிவிட்டது. யார் தகட்டை எடுத்தது என்று தளபதி கேட்டான். "நான்தான். பிடிச்சுக்கிட்டதும் நான்தான்" என்றாள் அவள். உயிர் போயிருந்த அரசனை மல்லாக்கவே பாடையில் ஏற்றி, மல்லாக்கவே எரித்தார்கள். அவள் அதில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள்.

கேதுமான் அம்மாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவன் பேசாமல் உயிரோடு இருப்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. முடிசூட்டு நாளில் புலித்தோல் விரித்தார்கள், அத்திப் பீடம் போட்டார்கள். கண் தெரியாத மௌத்கலரைக் கைபிடித்துப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கழுத்து நரம்பு துடிப்பதைச் சுதேவை எட்ட நின்று பார்த்தாள். குச்சி இறங்கியது. டப் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். கேதுமான் நம்பமுடியாமல் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு கூட்டத்தில் அம்மாவைத் தேடினான். சங்கு ஊதினார்கள். அவன் நல்ல அரசனாக இருந்தான் என்றுதான் சொல்கிறார்கள். ஓடத்துறை ஓடக்காரன் பேரனுக்குத் திரும்பக் கிடைத்தது, கர்ணிகையில் மறுபடி தறிகள் ஓடின.

மறுநாள் உச்சிப்பொழுதில் சுதேவை முற்றத்தில் உட்கார்ந்து தாமரை விதை உரித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவளுக்கு அந்த வேலை தெரியாது, கற்றுக்கொண்டிருந்தாள். பின்னால் காற்றில் விர்ரென்று ஒன்று கேட்டது. சின்னதுதான், புதுக் குச்சியின் சத்தம். சாரிகை எழுந்து ஓடிவந்தாள்.

"அம்மா! தகட்டைக் கொண்டுவரச் சொல்லட்டுமா? உள்ளதான் இருக்கு."

"வேண்டாம்" என்றாள் சுதேவை. "கூந்தலை மட்டும் எடுத்து முன்னால போடு."

சாரிகை அழுதுகொண்டே எடுத்துப் போட்டாள். பளீரென்று விழுந்தது. சுதேவையின் கையிலிருந்த விதைகள் சிதறின. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காம என்ன? வலிக்கிறதுக்குத்தானே அடி."

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேதுமான் யாகம் செய்கிறேன் என்றான், அவள் விடவில்லை. உன் அப்பாவைத் திமிறவிடாமல் பிடித்தவள் நான், இது எனக்கு உண்டானது, நீ உன் வேலையைப் பார் என்றுவிட்டாள். எழுபதைத் தாண்டி அவள் சாகிறவரைக்கும் தினமும் உச்சிப்பொழுதில் முற்றத்துக்கு வந்து, கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அந்தச் சத்தம் கேட்டதும் பலாசிகையில் உலை வைப்பார்கள், தறியை நிறுத்துவார்கள், மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டுவார்கள். மழைக்காலத்தில் நாள்கணக்கில் சூரியன் தெரியாதபோது அது ஊருக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.